கவுன்சிலர் யாருடைய ஆள்? நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஒசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது உத்தனப்பள்ளி. தக்காளியும் பூவும் விளையும் இந்த வட்டாரத்தில் இப்போது ஷிப்ட் மாறும் நேரமெல்லாம் கம்பெனி பஸ்கள் அணிவகுக்கின்றன. வெளி மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்த இளம்பெண்கள் ஹாஸ்டல்களில் தங்கி வேலை பார்க்கிறார்கள். "கவுன்சிலிங் போய்ட்டு வா" என்று இங்கே கம்பெனி சொல்கிறது, மகளிர் காவல் நிலையம் சொல்கிறது, கோர்ட் சொல்கிறது, பெற்றோரும் சொல்கிறார்கள். ஆனால் அனுப்புகிறவர் ஒருவர், போய் உட்காருகிறவர் இன்னொருவர். மனநல ஆலோசனை பற்றிய பல தவறான நம்பிக்கைகள் இங்கேதான் தொடங்குகின்றன.

நம்பிக்கை 1: கம்பெனி சம்பளம் வாங்கும் கவுன்சிலர் எல்லாவற்றையும் எச்.ஆரிடம் சொல்லிவிடுவார்.

உண்மை: சொல்லக் கூடாது. மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017-இன் 23-ஆம் பிரிவு சிகிச்சை பெறுபவரின் ரகசியத்தை அவரது உரிமையாகவும், அதைக் காப்பதைச் சிகிச்சை தருபவரின் கடமையாகவும் ஆக்கியிருக்கிறது. சம்பளம் யார் கொடுத்தாலும் இந்தக் கடமை மாறாது. இந்த மாதம் எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கை நிர்வாகம் கேட்கலாம். யார் வந்தார், எதற்காக அழுதார் என்பது நிர்வாகத்துக்குத் தேவையில்லாதது. என்னென்ன தகவல் மேலே போகும், எது போகாது என்பதை முதல் சந்திப்பிலேயே, நீங்கள் வாய் திறக்கும் முன்பே, கவுன்சிலர் சொல்லிவிட வேண்டும்.

நம்பிக்கை 2: கவுன்சிலரிடம் சொன்னது எந்தக் காலத்திலும் வெளியே போகாது.

உண்மை: இதுவும் தவறு. ரகசியத்துக்கு எல்லை உண்டு. 1969-இல் கலிபோர்னியாவில், இந்தியாவிலிருந்து படிக்கப் போயிருந்த புரசென்ஜித் போத்தார் என்ற மாணவர், தத்தியானா தாராசாஃப் என்ற பெண்ணைக் கொன்றார். கொல்லப்போவதாகத் தன் உளவியலாளரிடம் அவர் முன்பே சொல்லியிருந்தார். உளவியலாளர் பல்கலைக்கழகக் காவலர்களிடம் தெரிவித்தார். அந்தப் பெண்ணை மட்டும் யாரும் எச்சரிக்கவில்லை. ஆபத்தில் இருப்பவரைக் காக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று 1976-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் நாட்டின் 23-ஆம் பிரிவும், உயிருக்கு ஆபத்து இருக்கும்போதும் இன்னொருவரைத் தீங்கிலிருந்து காக்க வேண்டியிருக்கும்போதும் தேவையான தகவலை வெளியிட இடம் தருகிறது. அப்போதும் தேவையான அளவு மட்டுமே.

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவருக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி புகார் தெரிவித்தே ஆக வேண்டும். பதினேழு வயதில் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண் மனம் திறக்கும்போதும் இது பொருந்தும். குடும்ப நல நீதிமன்றங்களில் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்கில் கவுன்சிலர் தரும் அறிக்கைக்கு, சமரசப் பேச்சுக்கு இருக்கும் ரகசியப் பாதுகாப்பு கிடையாது என்று 2019-இல் பெர்ரி கன்சாக்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்த எல்லைகளை முன்கூட்டியே சொல்லாமல் ஒருவரைப் பேசவிடுவது நம்பிக்கைத் துரோகம்.

நம்பிக்கை 3: புருஷன் பெண்டாட்டியைச் சேர்த்துவைப்பதுதான் கவுன்சிலரின் வேலை.

உண்மை: அது பஞ்சாயத்து. அடி உதை நடக்கும் வீட்டில் "அட்ஜஸ்ட் பண்ணிப் போம்மா" என்பது ஆலோசனையே ஆகாது. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 2006-ஆம் ஆண்டு விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. செய்த வன்முறைக்கு நியாயம் கற்பிக்க, ஆலோசனையின்போது எதிர்ப்பழி சுமத்த இடமில்லை. வன்முறை இனி நடக்காது என்ற உறுதிமொழியைப் பெறுவதுதான் நோக்கம். பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மட்டுமே சமரசப் பேச்சு. இரு தரப்பில் ஒருவருக்கு உறவானவர் கவுன்சிலராக அமரக் கூடாது. அடிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அடிபட்டவரால் உண்மையைப் பேச முடியாது. ஆகவே முதலில் தனித்தனியாகப் பேசுவதே முறை.

நம்பிக்கை 4: பெற்றோர் அழைத்து வந்தால் பெற்றோர் விருப்பப்படி பிள்ளையை மாற்றித் தர வேண்டும்.

உண்மை: மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் ஒருவரையொருவர் விரும்பி, வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்து, சென்னை உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அந்தப் பெண்களையும் பெற்றோரையும் கவுன்சிலரிடம் அனுப்பினார். இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ளத் தானும் ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கற்றார். 2021 ஜூன் 7 அன்று அவர் பிறப்பித்த உத்தரவு, ஒருவரின் பாலின ஈர்ப்பைச் சிகிச்சையால் 'மாற்றும்' முயற்சிகளைத் தடை செய்தது. அப்படிச் செய்பவர்கள் மீது உரிமம் பறிப்பது உட்பட நடவடிக்கை எடுக்கச் சொன்னது. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில்முறை ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. பெற்றோரின் பயத்துக்கும் வேதனைக்கும் கவுன்சிலர் காது கொடுக்க வேண்டும். அதற்காகப் பிள்ளையைப் பலியிட முடியாது.

இதனால் குடும்பத்தை வெளியே நிறுத்த வேண்டும் என்று அர்த்தமில்லை. வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957-இல் தொடங்கப்பட்டது; நோயாளியோடு உறவினரும் தங்கிப் பங்கெடுக்கும் முறைக்காகப் பெயர் பெற்றது. குடும்பம் உள்ளே வரலாம். ஆனால் கணவர் தனியாகச் சொன்னதை, அவர் சம்மதம் இல்லாமல் மனைவியிடம் சொல்லக் கூடாது. மனைவி சொன்னதற்கும் அதே விதிதான்.

நம்பிக்கை 5: மொழி தெரியாவிட்டால் சொந்தக்காரரை வைத்துப் பேசிக்கொள்ளலாம்.

உண்மை: தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும், இப்போது இந்தியும் ஒடியாவும் சேர்ந்துவிட்ட இந்த எல்லைப் பகுதியில் இது பெரிய ஆபத்து. மாமியார் கொடுமையைச் சொல்லும் மருமகளுக்கு நாத்தனார் மொழிபெயர்த்தால் என்ன மிஞ்சும்? ஹாஸ்டல் வார்டனைப் பற்றிப் பேச வந்த பெண்ணுக்கு வார்டனே மொழிபெயர்த்தால்? அம்மாவின் துயரத்தைப் பத்து வயது மகன் வாயால் சொல்லவைப்பதும் கொடுமை. சம்பந்தமில்லாத, ரகசியம் காக்கும் ஒருவர் வேண்டும். இல்லையென்றால் மொழி தெரிந்த கவுன்சிலரிடம் அனுப்ப வேண்டும்.

நம்பிக்கை 6: பெயர்ப் பலகை இருந்தால் தகுதியும் இருக்கும்.

உண்மை: மனநல மருத்துவர் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். மருத்துவ உளவியலாளர் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பொதுவாகத் தங்களைக் 'கவுன்சிலர்' என்று சொல்லிக்கொள்பவர்களையும் ஒழுங்குபடுத்த 2021-இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. எனவே பதிவு எண்ணையும் படிப்பையும் கேளுங்கள். உண்மையானவர் கோபப்பட மாட்டார்.

முதல் சந்திப்பில் இவற்றைக் கேளுங்கள்: உங்கள் தகுதி என்ன? நான் சொல்வது யாருக்குப் போகும்? எப்போது ரகசியத்தை உடைப்பீர்கள்? வேண்டாமென்றால் நான் நிறுத்திக்கொள்ளலாமா? மழுப்பலான பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அவசரமென்றால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கம்பெனிகளுக்கும் ஹாஸ்டல் நடத்துபவர்களுக்கும் ஒரு கோரிக்கை. கவுன்சிலரை நியமித்தால் மட்டும் போதாது. அந்த அறையில் பேசப்படுவதை நிர்வாகம் கேட்காது என்று, அங்கே வேலை செய்பவர்கள் படிக்கும் எல்லா மொழிகளிலும் எழுதி, கையெழுத்திட்டு ஒட்டுங்கள். எழுதிக்கொடுத்த வாக்கைத் தொழிலாளி நாளை உங்களிடமே கேட்க முடியும்.