கோடை ஆய்வுக்கு ஐப்பசியில் விண்ணப்பம்

கேள்வி: அரசுக் கல்லூரியில் இளநிலை இயற்பியல் பயிலும் மாணவி, கோடை விடுமுறையில் ஆராய்ச்சிப் பயிற்சி பெற வழி உண்டா?
– வாசகர், கல்லாவி

பதில்: உண்டு. 1934இல் சர் சி.வி. இராமன் பெங்களூரில் நிறுவிய இந்திய அறிவியல் அகாதமி, டெல்லியிலும் பிரயாக்ராஜிலும் உள்ள இரு தேசிய அகாதமிகளுடன் இணைந்து கோடைக்கால ஆய்வு நல்கை வழங்கிவருகிறது. நல்கை என்பது, ஒரு விஞ்ஞானியின் வழிகாட்டுதலில் ஏறத்தாழ இரண்டு மாதம் பணியாற்ற மாணவருக்கு உதவித்தொகையுடன் அளிக்கப்படும் வாய்ப்பாகும். ஓசூர்த் தொழிற்சாலைகளில் பெறும் பயிற்சி நடைமுறையிலுள்ள உற்பத்தி முறையைக் கற்பிக்க, ஆய்வு நல்கையோ இன்னும் விடை காணாத கேள்வியை அணுகும் முறையைக் கற்பிக்கிறது.

தேர்வு முடிந்து ஏப்ரலில் தேடத் தொடங்குவோருக்கு இவ்வாய்ப்பு கிட்டுவது அரிது. ஏனெனில் அடுத்த கோடைக்கான விண்ணப்பங்கள் வழக்கமாக முந்தைய ஆண்டின் இறுதியிலேயே பெறப்பட்டுவிடுகின்றன. மதிப்பெண்ணும் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் அவசியமே எனினும், விண்ணப்பதாரர் தம் ஆய்வு விருப்பத்தைப் பற்றி எழுதும் சிறு குறிப்பே கூடுதல் உழைப்பைக் கோருவது. ‘அறிவியலில் ஆர்வம் மிகுதி’ என்பதோடு அது நின்றுவிடாமல், ஒளி விலகல் சோதனையில் எழுந்த ஓர் ஐயத்தையும், அதைத் தீர்க்கப் படித்த நூலையும் குறிப்பிடுமானால், எழுதியவரின் சிந்தனை படிப்பவருக்குப் புலப்படும். சென்னை ஐ.ஐ.டி.யும் பெங்களூர் ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையமும் தனியே இத்தகைய திட்டங்களை நடத்துகின்றன. அகாதமியின் விண்ணப்பக் காலம் ஆண்டின் இறுதியிலேயே வந்துவிடுவதால், மாணவி அக்டோபரிலேயே தம் பேராசிரியரை அணுகிப் பரிந்துரைக் கடிதம் கேட்டுவிட வேண்டும்.