கோல் விழாததற்கு யார் பொறுப்பு? இருபது புளியங்கொட்டைகளில் ஒரு சதவீதப் பாடம்

எட்டாம் வகுப்பு வாழ்வியல் கணிதத்தில் வட்டியும் தள்ளுபடியும் மாணவர்களுக்குச் சீக்கிரமே அலுத்துவிடுகின்றன. அதனால் திருத்தணியில் உள்ள எங்கள் பள்ளியில் சதவீதம் நடத்தக் கால்பந்தை எடுத்துக்கொண்டேன். கேள்வி இதுதான்: 2024-இல் இந்திய ஆண்கள் அணி கோல் அடிக்கத் திணறியதே, அந்தப் பழியில் பயிற்சியாளருக்கு எத்தனை சதவீதம், வீரர்களுக்கு எத்தனை சதவீதம்?

முதலில் கரும்பலகையில் தரவுகளை எழுதினேன். அந்த ஆண்டு இந்தியா 11 ஆட்டங்கள் ஆடி ஒன்றில்கூட வெல்லவில்லை. அடித்த கோல்கள் 4. ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா ஆகிய மூன்று அணிகளிடமும் ஒரு கோல்கூட அடிக்காமல் தோற்றது. ஜூனில் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் நீக்கப்பட்டார். அவ்வாண்டில் அவர் பொறுப்பில் 7 ஆட்டங்களில் 2 கோல்கள். அடுத்து வந்த மனோலோ மார்க்கெஸ் பொறுப்பில் 4 ஆட்டங்களில் 2 கோல்கள்.

குழுவுக்கு 20 புளியங்கொட்டைகள். ஒரு கொட்டை 5 சதவீதம். முதல் சுற்றில் ஏறக்குறைய எல்லாக் குழுக்களும் பயிற்சியாளர் பக்கமே குவித்தன. "அதனாலதானே டீச்சர் அவரை வேலையை விட்டுத் தூக்கினாங்க?" என்றான் ஒருவன். தண்டனையையே குற்றத்துக்குச் சான்றாகக் காட்டுவது பெரியவர்களிடமும் உள்ள பழக்கம்தான். இன்னொரு குழு சராசரியைக் கணக்கிட்டு, 0.29 என்பது 0.5 ஆக உயர்ந்ததைக் காட்டியது. எதிரணிகளின் பெயர்களையும் எழுதச் சொன்னேன். ஒரு பக்கம் ஆஸ்திரேலியாவும் கத்தாரும். மறுபக்கம் மொரீஷியஸும் மலேசியாவும். நான்கு கோல்களில் ஒன்று பெனால்டி. ஒன்று கார்னர் கிக்கில் தற்காப்பு வீரர் ராகுல் பேக்கே தலையால் முட்டியது. மீதி இரண்டுதான். வகுப்பு சற்று அமைதியானது.

வீட்டில் தெலுங்கு பேசும் மாணவர்கள் எங்கள் வகுப்பில் பலர். பொறுப்பைத் தங்கள் வீட்டில் 'பாத்யத' என்பார்கள் என்றாள் ஒரு மாணவி. தமிழில் பாத்தியதை என்றால் உரிமை. இரண்டாம் சுற்றுக்கான விதி அங்கேயே கிடைத்தது: எதை மாற்றும் உரிமை யாரிடம் இருந்ததோ, அதற்கான கொட்டை அவருக்கு.

ஆட்டத் திட்டமும் அணித் தேர்வும் பயிற்சியாளர் கையில். 39 வயது சுனில் சேத்ரியையே முன்களத்தில் நம்பியிருந்ததும் அவர் முடிவே. ஆனால் இந்தியன் சூப்பர் லீக்கில் 2014 முதல் 2025 வரை 11 சீசன்களிலும் அதிக கோல் அடித்தவர் வெளிநாட்டு வீரரே. கிளப்புகள் அந்த இடத்தை வெளிநாட்டவருக்குத் தந்தால், இந்திய இளைஞர் எங்கே பழகுவார்? தேசியப் பயிற்சியாளருக்கு அதில் பாத்தியதை இல்லை. ஆகவே மூன்றாவதாக ஒரு குவியல் உருவானது. கத்தார் ஆட்டத்தில் எல்லைக்கோட்டைத் தாண்டிய பந்தைக் கோலாக அனுமதித்த நடுவருக்கும் சிலர் கொட்டை வைத்தனர். நாம் ஏன் கோல் அடிக்கவில்லை என்பதுதானே கேள்வி என்றதும் எடுத்துவிட்டனர். ஒரு குழு மட்டும் வீரர்கள் பக்கத்திலிருந்து ஒன்றைக்கூட நகர்த்தவில்லை. "போஸ்ட் முன்னாடி நிக்கிறப்போ கால் அவங்களோடதுதானே?" அதுவும் நியாயமே.

மறுநாள் மாணவர்களே எங்கள் பள்ளி அணியைக் கேள்வியாக்கினர். குறுவட்டப் போட்டியில் கோலே அடிக்காமல் திரும்பிய அணி அது. முன்களத்தில் ஆடிய மாணவன் கேலிக்குப் பயந்து மைதானத்துப் பக்கமே வராமல் இருந்தான். உடற்கல்வி ஆசிரியரும் எங்களுடன் உட்கார்ந்தார். அவனுக்கு எத்தனை முறை பந்து வந்தது என்று நடுக்கள வீரர்களிடம் கேட்டார். நான்கைந்து முறைகூடத் தேறவில்லை. நடுக்களத்தார் தாமாகவே ஏழு கொட்டைகளை எடுத்துக்கொண்டனர். உடற்கல்வி ஆசிரியர் எட்டு எடுத்தார்: "ஓட்டப் பயிற்சி கொடுத்தேன், கோலுக்கு அடிக்கும் பயிற்சி கொடுக்கவில்லை." அந்த மாணவன் மீதி ஐந்தையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "வந்த பந்தை நான் வெளியே அடிச்சேன் சார்" என்றான். 25 சதவீதம். அதற்கு முன் வகுப்பு அவனுக்குத் தந்திருந்தது நூறு.

இதற்கு இரண்டு பாடவேளைகள் போதும். தொடக்க வகுப்புகளில் பத்துக் கொட்டைகள் வைத்துச் சதவீதமில்லாமல் பின்னமாக நடத்தலாம். தேர்வு முடிவை எடுத்துக்கொள்ள விரும்பும் ஆசிரியர்கள் தமக்கும் ஒரு குவியலுக்கு மேசையில் இடம் ஒதுக்கிவிட்டுத் தொடங்குவது நல்லது. மாணவர்கள் எப்படியும் கேட்பார்கள்.