'மரைக்காயர்': ஒரு பெயர் காட்டும் கடல்வழி

தமிழ்நாட்டில் பெரும்பாலோர்க்குக் குடும்பப்பெயர் என்று தனியே இல்லை; தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னே நிற்கிறது. ஆயினும் சில பட்டப்பெயர்கள் தலைமுறை தோறும் தொடர்ந்து, குடும்பப்பெயராகவே நிலைத்துவிட்டன. பரங்கிப்பேட்டையில் வழங்கும் 'மரைக்காயர்' அவற்றுள் ஒன்று. உள்ளூர் வரலாற்றைக் கற்பிக்க இது நல்லதொரு வாயில்.

முதலில் ஊர்ப்பெயரிலிருந்து தொடங்கலாம். ஐரோப்பியரைக் குறித்த 'பரங்கி' என்னும் சொல், அரபு, பாரசீக மொழிகளின் வழியாகத் தமிழுக்கு வந்தது. போர்த்துக்கீசியர் இவ்வூரைப் 'போர்ட்டோ நோவோ', அதாவது புதிய துறைமுகம் என்றனர். 'மஹ்மூது பந்தர்' என்ற பெயரும் இதற்கு உண்டு. 'பந்தர்' என்றால் பாரசீகத்தில் துறைமுகம். வெள்ளாற்று முகத்துவாரத்தில் எத்தனை மொழிகள் கரையேறின என்பதை இப்பெயர்களே மாணவர்க்கு உணர்த்தும்.

அடுத்து 'மரைக்காயர்'. 'மரக்கலம்' என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து 'மரக்கலராயர்' ஆகி, இவ்வாறு திரிந்தது என்பது ஒரு விளக்கம். கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்ற அரபுச் சொல்லோடு இணைப்பது மற்றொன்று. இரண்டையும் கரும்பலகையில் எழுதி, இரண்டுக்கும் பொதுவானது எது என்று கேளுங்கள். 'கப்பல்' என்ற விடையை மாணவர்களே சொல்வார்கள். 'இராவுத்தர்' என்பது குதிரை வீரரைக் குறித்த சொல் என்பதையும் உடன் சொன்னால், பெயருக்குள் தொழில் ஒளிந்திருப்பது விளங்கும்.

மூன்றாவது, வரைபடப் பணி. நாகூர், காரைக்கால், அதிராம்பட்டினம், கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களை மாணவர் குறிக்கட்டும். எல்லாம் கடற்கரை ஊர்கள். வள்ளல் சீதக்காதியின் இயற்பெயர் செய்கு அப்துல் காதிர் மரைக்காயர், ஊர் கீழக்கரை. கேரளத்தில் இப்பெயர் 'மரக்கார்'. 16ஆம் நூற்றாண்டில் கோழிக்கோட்டுச் சாமூத்திரியின் கடற்படையை நடத்திப் போர்த்துக்கீசியரை எதிர்த்தவர்கள் குஞ்ஞாலி மரக்கார்கள். இலங்கையில் இது 'மரிக்கார்'. 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு அருங்காட்சியகத்தைக் கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார். மலேசியாவில் 'மெரிக்கான்'. பினாங்கில் 1801இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலோடு இணைந்த காதர் முகைதீன் மெரிக்கான், பரங்கிப்பேட்டையிலிருந்து சென்றவர். இவ்விடங்களைக் கோட்டால் இணைத்தால் பழைய வணிகக் கடல்வழி தெரியும். இப்பெயருடையோர் அனைவரும் ஒரே குடும்பத்தினர் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொழிலால் வந்த பட்டம் ஒரே காலத்தில் பல ஊர்களில் பலருக்கு வாய்த்திருக்கலாம்.

இங்கே ஆசிரியர் கவனிக்க வேண்டியவை இரண்டு.

ஒன்று, பெயரைக் கேட்பது சாதியைக் கேட்பதாக மாறிவிடக் கூடாது. விரும்பிய மாணவர் மட்டும் தம் வீட்டுப் பெரியவரிடம் கேட்டு வந்து சொல்லட்டும். பட்டப்பெயர் இல்லாத மாணவர், தம் தெருவின் பெயரையோ ஊர்ப்பெயரையோ ஆராயலாம். எந்தப் பெயரும் உயர்ந்ததும் இல்லை, தாழ்ந்ததும் இல்லை.

மற்றொன்று, பதிவேடு. மரைக்காயர், மரக்காயர், மரிக்கார் என எழுத்து மாறுவது மொழி வரலாற்றில் சுவையான செய்தி; ஒரே மாணவரின் ஆவணங்களில் மாறுவதோ சிக்கல். பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும் மதிப்பெண் சான்றிதழில் வேறுவிதமாகவும் பெயர் இருந்தால், கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் நாளில் அந்தக் குடும்பம் அலைய நேரிடும். பிள்ளைகள் வேலைக்காகக் கடல் கடக்கும் ஊர்களில் இது சிறிய செய்தி அன்று. நீளமாக இருக்கிறதென்று பெயரைச் சுருக்காமலும், நமக்குச் சரியெனத் தோன்றியபடி திருத்தாமலும், பிறப்புச் சான்றிதழில் உள்ளவாறே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுவோம். பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் அனுப்பும் முன் பெற்றோரிடம் ஒருமுறை காட்டி ஒப்புதல் பெறுவோம்.

கடல் கடந்து பல நூற்றாண்டுகள் நிலைத்த ஒரு பெயர், நம் பேனா முனையில் சிதையாதிருக்கட்டும்.