மோட்டார் விசிறியும் மின்னோட்டத்தின் வழியும்

மோட்டார் வண்டியின் எஞ்சின், பெட்ரோலை எரித்துப் பெறும் வெப்பத்துள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகின்றது. மற்றொரு பெரும்பங்கு புகைக்குழாய் வழியே கழிகின்றது. எஞ்சிய வெப்பத்தை எஞ்சினைச் சூழ்ந்தோடும் நீர் ஏற்று, முகப்பிலுள்ள ரேடியேட்டருக்குக் கொணர்ந்து காற்றிடம் ஒப்படைக்கின்றது. வண்டி விரைந்தோடுங்கால் எதிர்க்காற்றே இதற்குப் போதும். வண்டி நிற்குமிடத்தும் ஊருமிடத்தும் காற்றை வலிந்திழுக்க ஒரு விசிறி வேண்டும். அவ்விசிறி நின்றுவிடின் அதன் காரணத்தை முறைப்படி காண்பது எங்ஙனம் என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் பயிலும் மாணவனுக்கு இவ்வாராய்ச்சி எதற்கென அன்பர்கள் வினவலாம். என் தந்தையார் வாடகை மோட்டார் ஓட்டுபவர். சென்ற கோடையில் ஒருநாள், ரயில்வே கேட்டில் காத்திருந்தபோது வெப்பங்காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. பட்டறை ஒன்றில் விசிறி மோட்டாரை மாற்றினார்கள். பத்து நாள் சென்றது, அதே குறை. பின்னர் ரிலேயை மாற்றினார்கள். ஒரு வாரம் சென்றது. மீண்டும் அதே குறை. என் கல்லூரிச் சம்பளத்துக்கென ஒதுக்கிய தொகையும் அம்மாதம் பட்டறைக்கே போயிற்று. பணம் செலவாகியும் நோய் இன்னதென ஒருவரும் கூறாதது என் உள்ளத்தை உறுத்தியது. இதைக் கற்கப் புகுந்தது அதனாலேதான்.

அம்பாசிடர் போன்ற பழைய வண்டிகளில் விசிறியானது எஞ்சினோடு பெல்ட்டாற் பிணைக்கப்பட்டுச் சுழலும். 1983-இல் வெளிவந்த மாருதி 800 போன்ற வண்டிகளில் எஞ்சின் குறுக்காக அமர்ந்திருத்தலின் அவ்வாறு பிணைத்தல் எளிதன்று. ஆதலின் விசிறிக்குத் தனியே ஒரு மின்மோட்டார் அமைத்தனர். இன்றைய கார்களிற் பெரும்பாலானவை இவ்வமைப்பினவே.

இதன்கண் மின்னோட்டத்துக்கு இரு வழிகள் உள. நம் இலக்கணத்தில் இயற்றுதற் கருத்தா, ஏவுதற் கருத்தா என இரண்டு கூறுவரன்றோ? அப்பாகுபாடு ஈண்டும் பொருந்தும். 12 வோல்ட் பாட்டரியின் நேர்முனையினின்று புறப்பட்டு, பியூஸ் வழியாக ரிலேயின் தொடுமுனைகளைக் கடந்து, மோட்டாரைச் சுழற்றி, மெக்கானிக்குகள் 'எர்த்' என வழங்கும் கம்பியால் வண்டியின் உடலை அடைந்து, எதிர்முனைக்கு மீள்வது ஒரு வழி. இஃது இயற்றும் வழி. இதில் 10 முதல் 20 ஆம்பியர் வரை ஓடுதல் இயல்பு. நீரின் வெப்பத்தை உணரும் சென்ஸாரின் செய்தியைக் கேட்டு, எஞ்சினை ஆளும் கணினி ரிலேயின் சுருளுக்குச் சிறு மின்னோட்டம் விடுவது மற்றொரு வழி. இஃது ஏவும் வழி. இதில் ஓடுவது அரை ஆம்பியரினும் குறைவு. பழைய வண்டிகளிற் கணினிக்கு ஈடாக ரேடியேட்டரிற் பொருத்திய வெப்பச் சுவிட்சே ஏவும்.

இனி, குறை காணும் முறையைக் கூறுவாம். முதற்கண் நோய் விசிறியினுடையதுதானா எனத் தெளிதல் வேண்டும். நெரிசலில் நிற்கும்போது சூடேறி, திறந்த சாலையில் ஓடியதும் தணியுமாயின் விசிறியை ஐயுறலாம். விரைந்தோடும்போதே சூடேறின், நீர்க்குறைவு, தெர்மோஸ்டாட், நீர்ப்பம்பு, ரேடியேட்டர் அடைப்பு என்பவற்றை முன்னர் ஆராய்க. நீரின் அளவை எஞ்சின் ஆறிய பின்னரே பார்த்தல் வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறப்பின், அழுத்தத்தில் அடங்கியிருந்த நீர் கொதித்தெழுந்து முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். சில வண்டிகளில் எஞ்சினை நிறுத்திய பின்னரும் விசிறி தானே சுழலத் தொடங்குமாதலின், கைவிரலும் துணியும் அதன் இதழ்களை அணுகலாகாது.

இரண்டாவது, பியூஸைப் பார்க்க. அது எரிந்திருப்பின், எரிந்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. மோட்டாரின் பேரிங் இறுகியிருக்கலாம். கம்பியின் உறை தேய்ந்து உடலைத் தொட்டிருக்கலாம். அக்காரணத்தை நாடாது பெரிய பியூஸையோ வெறுங்கம்பியையோ இடுவது, வண்டிக்கே தீ வைப்பதோடு ஒக்கும்.

மூன்றாவது, ஏ.சி.யை இயக்குக. பெரும்பாலான வண்டிகளில் ஏ.சி. ஓடும்போது விசிறியும் ஓடும். ஒரே விசிறியுள்ள வண்டியில் அது அப்பொழுது நன்கு ஓடி, நீர் சூடேறும்போது மட்டும் ஓடாதிருப்பின், இயற்றும் வழி நலமாயுள்ளது. குறை சென்ஸாரிடத்தோ அதன் கம்பியிடத்தோ என அறியலாம். சூடு ஏறஏறச் சென்ஸாரின் மின்தடை குறைதல் வேண்டும். பல வண்டிகளில் 20 பாகையில் இரண்டாயிரம் ஓமுக்கு மேலிருக்கும் தடை, 80 பாகையில் சில நூறு ஓமாக இறங்கும். அங்ஙனம் இறங்காத சென்ஸார், கொதிக்கும் நீரைக் குளிர்ந்ததெனக் கணினிக்குப் பொய்யுரைக்கின்றது.

நான்காவது, ரிலே. ஏவல் வரும்போது அதனிடத்து 'டிக்' என்னும் மெல்லொலி எழும். ஒலி எழுந்தும் விசிறி ஓடாவிடின், தொடுமுனை கருகியிருக்கலாம். அதே வகையினதாகிய ஹார்ன் ரிலேயை அங்கு மாற்றிப் பொருத்திப் பார்த்தல் செலவில்லாச் சோதனை. இதற்கு மாறாக, விசிறி ஓயாது சுழலுமாயின், ரிலேயைப் பிடுங்குக. விசிறி நிற்பின், ரிலேயின் தொடுமுனை ஒட்டிக்கொண்டது, அன்றேல் ஏவல் ஓயாது வருகின்றது எனக் கொள்க. நில்லாவிடின், ரிலேக்கு அப்பாலுள்ள கம்பி வேறெங்கோ மின்னோட்டமுள்ள கம்பியைத் தொடுகின்றது.

ஐந்தாவது சோதனையே எங்கள் வண்டியைக் காத்தது. எங்கள் தெருவில் வயது முதிர்ந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் உளர். நான் மீட்டரை எடுத்துக்கொண்டு அவரிடம் சென்று, "ஐயா, மோட்டாரின் பிளக்கைக் கழற்றி அளந்தேன், முழுப் பன்னிரண்டு வோல்ட்டும் வருகின்றது. கம்பியிற் குறையில்லையே" என்றேன். அவர் நகைத்து, "தம்பி, கழற்றி வைத்து அளந்தால் எல்லாக் கம்பியும் நல்ல கம்பிதான். ஓட விட்டு அளந்து பார்" என்றார்.

அதன் பொருள் யாதெனின்: 1827-இல் ஜெர்மானிய அறிஞர் ஓம் வெளியிட்ட விதிப்படி, மின்னோட்டத்தையும் தடையையும் பெருக்கின் அத்தடை விழுங்கும் வோல்ட் கிடைக்கும். மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் இல்லையென்னத் தக்க அளவினது; ஆகவே துருவேறிய இணைப்பும் அதனிடம் ஒன்றையும் விழுங்குவதில்லை. ஆனால் 15 ஆம்பியர் ஓடுங்கால், 0.2 ஓம் அளவேயான சிறு தடையும் 3 வோல்ட்டை விழுங்கிவிடும். அஃது 45 வாட் வெப்பமாக அவ்விணைப்பிலேயே வீணாகும், மோட்டார் வலிகுன்றிச் சுழலும், அல்லது நின்றேவிடும்.

அவ்வாறே விசிறியை ஓடவிட்டு, மீட்டரின் ஒரு முனையை மோட்டாரின் எதிர்முனைக் கம்பியிலும், மற்றொன்றைப் பாட்டரியின் எதிர்முனையிலும் வைத்தோம். நல்ல எர்த் இணைப்பாயின் 0.2 வோல்ட்டுக்கு மேற் காட்டலாகாது. எங்கள் மீட்டரோ 4 வோல்ட் காட்டியது. எர்த் கம்பியின் வழியே விளக்கைப் பிடித்துச் சென்றோம். முகப்பு விளக்கின் பின்புறத்தே, உடலோடு அதைப் பிணைத்த திருகாணியைச் சுற்றிப் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது. உப்புத்தாளால் இரு பக்கமும் தேய்த்து, திருகாணியை இறுக்கி, மீண்டும் அளந்தோம், 0.1 வோல்ட். விசிறி பெருங்காற்றோடு சுழன்றது. செலவு ஒரு துண்டு உப்புத்தாள்.

பட்டறையார் வஞ்சித்தாரென யான் கூறேன். மோட்டாரை மாற்றும்போது கம்பிகள் அசைந்தமையால் களிம்பு சற்று விலகியது. விசிறியும் சில நாள் ஓடியது. குறை தீர்ந்ததென அவர்களும் நம்பினர். அவர்கள் தவறியது அளக்காமையில். ஓர் உறுப்பை மாற்றியபின் வண்டி ஓடிற்றென்பது, அவ்வுறுப்பே குறையுடையது என்பதற்குச் சான்றாகாது.

கழற்றிய பழைய மோட்டாரைத் தந்தையார் எறிந்துவிடாது வைத்திருந்தார். அதனைப் பியூஸிட்ட கம்பியால் பாட்டரியோடு நேரே இணைத்துப் பார்த்தேன். தடையின்றிச் சுழன்றது. தந்தையார் அதைச் சிறிதுநேரம் நோக்கியிருந்து, "இதற்கா இத்தனை நாள்?" என்றார். பின்னர் அதைத் துணியிற் சுற்றி, வண்டியின் பின்பெட்டியில் வைத்துக்கொண்டார். அது இன்றும் அங்கேயே உளது.