லொறி எஞ்சின் சுற்றாவிட்டால்

இடம்பெயர்ந்து வந்து பயிர் செய்யும் நமக்கு, பல குடும்பம் சேர்ந்து பிடித்த லொறி விடியலில் நின்றுவிட்டால் கோவாவும் லீக்ஸும் கெப்பெட்டிபொல சந்தையைக் காணாது. உடனே டீசல் குழாயைக் கழற்றிக் காற்று எடுக்கிறோம். அது வீண் வேலை. சுற்றியும் பற்றாத எஞ்சினுக்குத்தான் அந்த வைத்தியம். சுற்றவே மறுப்பதற்கு டீசல் காரணமல்ல.

முன்விளக்கைப் போட்டுத் திறப்பைத் திருப்புவோம். விளக்கு மிகவும் மங்கினால் பெரும்பாலும் பற்றரிதான். அப்புத்தளைக் குளிரில் அதன் பலம் குறையும், எஞ்சின் ஒயிலும் தடிக்கும். எர்த் வயரை முதலில் கழற்றி, பற்றரி முனைகளில் பூத்திருப்பதைச் சுரண்டி இறுக்கிப் பார்ப்போம். விளக்கு மங்காமலே இருந்தால் ஸ்டார்ட்டரையும் அதன் வயர்களையும் சோதிக்க வேண்டும்.

பற்றரி நல்லதாயிருந்தும் விளக்கு மங்குகிறதா? திறப்பை எடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, முன் புல்லி நட்டை ஸ்பேனரால் சுற்றுவோம். அசையாவிட்டால் எஞ்சின் இறுகியிருக்கலாம், அல்லது சிலிண்டரில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. அந்த நிலையில் நம் வழக்கப்படி பள்ளத்தில் உருட்டிக் கியர் போட்டால் கொனெக்டிங் ரொட் வளையும். எஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்கும் முழுப் பலம் கிடையாது; பசறை ரோட்டு இறக்கங்களை நாம் அறிவோம். சில்லுக்குக் கல் வைத்துவிட்டு மெக்கானிக்குக்கு ஆளனுப்புவோம்.