செருப்பு வைக்கும் இடத்தில் நின்றவர்

இந்த மாத சமய வகுப்புக்குப் பாடம் எழுதச் சொன்னபோது, 'முன்பின் தெரியாதவங்களை நாம ஏன் தப்பா எடை போடுறோம்' என்ற தலைப்பை நானே கேட்டு வாங்கினேன். அதற்குக் காரணம் இருக்கிறது. போன வருஷம் நான் ஒருவரைக் கோயிலிலிருந்து விரட்டிவிட்டேன்.

சுங்கைப் பட்டாணி பக்கத்தில் ஒரு பழைய தோட்டத்துக் கோயில். தோட்டம் போய் தாமான் வந்துவிட்டது, கோயில் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. பல்கலைக்கழக விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த நேரம். திருவிழா அன்னதானத்துக்குப் பத்துப் பேர் ஓடிக்கொண்டிருந்தோம். அதற்கு முந்தின இரண்டு வாரமும் செருப்புகள் காணாமல் போயிருந்தன. அன்றைக்குச் செருப்பு வைக்கும் இடத்தில் ஒருவர் ரொம்ப நேரமாக நின்றார். நம்ம ஆள் இல்லை. உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. கீழே பார்ப்பார், கோயிலைப் பார்ப்பார், மறுபடி கீழே பார்ப்பார். நான் சாம்பார் வாளியோடு போய், "இங்கே என்ன தேடுற?" என்று மலாயில் அதட்டினேன். அவர் பதில் பேசவில்லை. கேட்டுக்கு வெளியே போய், கோபுரத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நடந்தார்.

கும்பிட்டதைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிறகு கோயில் ஜாகா அண்ணன் சொன்னார்: "அவர் நேப்பாளிப்பா. பின்னால இருக்கிற ஃபேக்டரியில காவல் வேலை. நம்மள மாதிரி இந்துதான். ஷிப்ட் முடிஞ்சு நேரா வருவாரு. கம்பெனி பூட்ஸ் போட்டிருப்பாரு, காணாமப் போனா சம்பளத்துல வெட்டுவாங்களாம். எங்க கழட்டி வைக்கிறதுன்னு தெரியாம நிப்பாரு."

செருப்புத் திருடன் என்று நான் நினைத்த மனிதர், தன் பூட்ஸை யாராவது திருடிவிடுவார்களோ என்று பயந்து நின்றிருக்கிறார்.

இந்தப் பாடத்தை எழுத உட்கார்ந்ததும் முதலில் ஞாபகத்துக்கு வந்தது ஸ்ரீமத் பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தத்தில் வரும் ஜடபரதர் கதை. சிந்து சௌவீர நாட்டு மன்னன் ரகூகணன் பல்லக்கில் போகிறான். தூக்க ஆள் குறைகிறது. வழியில் வாட்டசாட்டமாக ஒருவர் தென்பட, பிடித்துப் பல்லக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அவர்தான் ஜடபரதர், பெரிய ஞானி. பார்க்க மந்தமானவர் மாதிரி இருப்பார். அவர் தோள் கொடுத்ததும் பல்லக்கு ஆடுகிறது. மன்னன் கிண்டல் பண்ணுகிறான், பிறகு கோபப்படுகிறான். பல்லக்கு ஏன் ஆடியது? தரையில் ஊர்கிற எறும்பு முதலிய உயிர்களை மிதிக்காமல் அவர் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார், மற்றவர்களின் நடையோடு அது ஒத்துப்போகவில்லை. மன்னனுக்குத் தெரிந்தது ஆட்டம் மட்டும்தான். காரணம் தரையில் இருந்தது, அவன் உயரத்தில் உட்கார்ந்திருந்தான். ஜடபரதர் வாய் திறந்து பேசிய பிறகுதான் ரகூகணன் பல்லக்கை விட்டு இறங்கி அவர் காலில் விழுகிறான். இறங்கினான் பாருங்கள், அந்த ஒரு விஷயத்துக்காகவே அவனை எனக்குப் பிடிக்கும். நான் அன்றைக்கு வாளியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

ஒருவர் செய்வதை மட்டும் பார்த்து, அவரைச் சுற்றி என்ன நடக்கிறது என்று பார்க்காமல், 'இவன் குணமே இப்படி' என்று முடிவு கட்டுவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். நான் வகுப்புக்குத் தாமதமாகப் போனால் பஸ் லேட். நீங்கள் தாமதமாக வந்தால் நீங்கள் சோம்பேறி. லீ ராஸ் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1977-இல் இந்தத் தவறுக்கு ஒரு பெயரே வைத்தார். நம் வேதாந்தம் இதன் வேரை வேறு வழியில் பிடிக்கிறது. ஆதிசங்கரர் தம் பிரம்மசூத்திர பாஷ்யத்தைத் தொடங்குவதே அத்தியாசம் பற்றித்தான். முன்பு எங்கோ பார்த்த ஒன்றின் நினைவை இப்போது எதிரில் இருப்பதன் மேல் ஏற்றிப் பார்ப்பது அத்தியாசம். கயிற்றைப் பாம்பென்று நினைக்கும் உதாரணம் உங்களுக்குத் தெரியும். அதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. கும்மிருட்டில் யாருக்கும் பாம்பு தெரியாது, கயிறே தெரியாதே. நல்ல வெளிச்சத்திலும் பாம்பு இல்லை. அரை வெளிச்சத்தில்தான் பாம்பு வருகிறது. அந்த நேப்பாளிக்காரரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாமல் இருந்திருந்தால் சும்மா போயிருப்பேன். 'வெளிநாட்டுக்காரங்க வந்ததுல இருந்துதான் திருட்டு ஜாஸ்தி' என்று டீக்கடையில் கேட்டது பாதி வெளிச்சம். பாம்பு அங்கிருந்துதான் வந்தது. ஒரே ஒரு அளவீட்டை வைத்து வரைபடம் போட்டால் எங்கள் லேபில் மதிப்பெண் கிடைக்காது. மனுஷனை மட்டும் ஒரே பார்வையில் வரைந்து முடித்துவிடுகிறோம்.

அவசரமும் இதில் சேரும். 1973-இல் டார்லி, பேட்சன் என்ற இருவர் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சமயக் கல்வி படிக்கும் மாணவர்களைப் பக்கத்துக் கட்டடத்தில் போய்ப் பேசச் சொல்லி அனுப்பினார்கள். வழியில் ஒருவர் முடியாமல் சுருண்டு கிடப்பது போல ஏற்பாடு. நிறைய நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் நின்று உதவினார்கள். ஏற்கெனவே தாமதம், ஓடு என்று சொல்லப்பட்டவர்களில் உதவியவர்கள் 10 விழுக்காடு. அவர்களில் பாதிப் பேர் பேசப் போனதே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல மனிதனின் கதையைப் பற்றித்தான். சாம்பார் வாளியோடு அன்னதானத்துக்கு ஓடிய எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை.

சரி, மற்றவர் நம்மைத் தப்பாகப் பார்த்த கதைக்கு வருவோம். கெடா தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிகளைப் பற்றித் துரைமார்கள் என்ன நினைத்தார்கள்? தமிழன் குடிகாரன், அது அவன் பிறவிக் குணம். ஆனால் கள்ளுக்கடை எங்கே இருந்தது? தோட்டத்துக்குள்ளேயே, லயத்துக்குப் பக்கத்தில், பெரும்பாலும் நிர்வாகத்தின் பொறுப்பிலேயே. விடியுமுன் எழுந்து பால் வெட்டி, மாலையில் போக வேறு இடமில்லாத மனிதனுக்கு எதிரில் கடையைத் திறந்து வைத்துவிட்டு, அவன் குணத்தைப் பற்றிப் பேசினார்கள்.

1946-இல் பீடோங், சுங்கைப் பட்டாணி வட்டாரத் தோட்டங்களில் தொண்டர் படை கிளம்பியது. ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி அதன் தலைவர். இளைஞர்கள் சீருடை போட்டு அணிவகுத்தார்கள், கள்ளுக்கடைகளை மறித்தார்கள். போருக்கு முன்பு பார்த்த தொழிலாளியைத்தான் திரும்பவும் பார்க்கப் போகிறோம் என்று துரைமார்கள் திரும்பி வந்திருந்தார்கள். நடுவில் ஜப்பான்காரன் காலம் போயிருந்தது. சயாம் மரண ரயில் பல்லாயிரம் தமிழர்களைத் தின்றிருந்தது. நேதாஜியின் படையில் சேர்ந்த தோட்டத்துப் பிள்ளைகள் நெஞ்சை நிமிர்த்தி நடக்கக் கற்றிருந்தார்கள். தெரிந்தவன் என்று துரை நினைத்தவன் அவருக்கே அந்நியனாகிவிட்டான். குடியை நிறுத்த வந்த கூட்டம் அதிகாரிகளின் கண்ணுக்குக் கலகப் படையாகத் தெரிந்தது. 1947 பிப்ரவரி கடைசியில் பீடோங்கில் போலீசோடு மோதல், ஒரு தொழிலாளி இறந்தார். சில நாளில், மார்ச் தொடக்கத்தில், கூலிம் பக்கத்து டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டது, அங்கேயும் ஓர் உயிர் போனது.

தொண்டர் படையும் எல்லாவற்றிலும் சரி என்று சொல்ல மாட்டேன். குடித்தவர்களை மிரட்டித் தண்டித்ததும் உண்டு. அந்தக் குடிகாரன் ஏன் குடித்தான் என்று அவர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

'அப்போ எல்லாரையும் நம்பிடணுமா அண்ணா' என்று வகுப்பில் யாராவது கேட்பீர்கள். மெய்ப்பொருள் நாயனாரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நீறு பூசி வந்தான் என்பதற்காக முத்தநாதனை உள்ளே விட்டார், அவன் ஏட்டுக்கட்டில் ஒளித்து வைத்திருந்த கத்தியால் குத்தினான். நாயனாருக்கு அது பக்தி, நமக்கு அந்த அளவு வராது. இன்றைக்கு முத்தநாதன் ஃபோனில் வருகிறான். என் பெரியம்மாவுக்கு ஒருநாள் அழைப்பு வந்தது. போலீஸ் அதிகாரி என்று சொல்லி, அழகான மலாயில், மரியாதையாகப் பேசினான். பெரியம்மா இபிஎஃப் பணத்தை மாற்றிவிட பேங்க் வாசல் வரைக்கும் போய்விட்டார். அக்கா ஓடிப்போய்த் தடுத்தாள். அதே பெரியம்மாதான் தாமானில் குப்பை அள்ள வரும் வங்காளதேசித் தம்பியைப் பார்த்தால் கேட்டைப் பூட்டுவார். சட்டை அழுக்காக இருந்தால் கயிறும் பாம்பாகிவிடுகிறது, பேச்சு சுத்தமாக இருந்தால் பாம்பே கயிறாகிவிடுகிறது.

அடுத்த வகுப்புக்கு வரும்போது வீட்டில் பெரியவர்களிடம் ஒன்று கேட்டுவிட்டு வாருங்கள்: தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த புதிதில், ரூம் தேடியபோது, வேலை தேடியபோது, உங்களை யார் எப்படிப் பார்த்தார்கள்? என் அப்பாவிடம் கேட்டேன். முதலில் "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா" என்றார். அரை மணி நேரம் கழித்து அவரே பேச ஆரம்பித்து, சாப்பாடு ஆறிப்போகும்வரை பேசினார்.

மறு வாரம் நான் அந்த ஃபேக்டரி கேட்டுக்குப் போய் விசாரித்தேன். அவரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். பேர் தெரியுமா என்று கேட்டேன், எங்கள் ஜாகா அண்ணனுக்கும் தெரியவில்லை. கோயிலில் நாங்கள் பூட்டுப் போட்ட ஒரு மர அலமாரி அடித்து வைத்திருக்கிறோம், சாவியை நம்பர் அட்டையோடு கையில் கொடுத்துவிடுவோம். இந்த வருஷத் திருவிழாவுக்கு மூன்று நேப்பாளித் தம்பிகள் பூட்ஸோடு வந்தார்கள். அவர் அதில் இல்லை.