விபிஎன் போட்டு கேம் வாங்கினேன், அக்கவுண்ட் போய்விட்டது!

கேள்வி: எனக்கு வயது 22. சொந்த ஊர் வெள்ளிமலை. கள்ளக்குறிச்சியில் படிப்பை முடித்துவிட்டு, சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். கம்பெனி கொடுத்த லேப்டாப்பில் விபிஎன் எப்போதும் ஓடும். என் சொந்த கம்ப்யூட்டரில் ஆன்லைன் கடை ஒன்றில் கேம் வாங்கி விளையாடுவது பழக்கம். 15 வயதில் அப்பாவின் போன் நம்பரை வைத்துத் தொடங்கிய அக்கவுண்ட் அது. இதுவரை சுமார் 22,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறேன். போன மாதம் டெலிகிராமில் ஒருவர், "விபிஎன் போட்டு நாட்டை மாத்திக்க, கார்டு நான் தர்றேன், பாதி விலைதான்" என்றார். அவருக்கு ஜிபேயில் பணம் அனுப்பி மூன்று கேம் வாங்கினேன். 4,000 ரூபாய் மிச்சமானது. இப்போது மொத்த அக்கவுண்டையும் முடக்கிவிட்டதாக மெயில் வந்திருக்கிறது. விபிஎன் போட்டது குற்றமா? போலீஸ் வருமா? பழைய கேம்களாவது திரும்பக் கிடைக்க வழி உண்டா? நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா? பெயர் வேண்டாம்.

— வாசகர், வெள்ளிமலை, கள்ளக்குறிச்சி மாவட்டம்

பதில்: போலீஸ் பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். இந்தியாவில் விபிஎன் பயன்படுத்துவது குற்றம் அல்ல. உங்கள் கம்பெனி லேப்டாப்பில் ஓடுவதும் அதுதான்; வங்கிகளும் ஐ.டி. நிறுவனங்களும் அது இல்லாமல் ஒரு நாள்கூட இயங்காது. 2022 ஏப்ரல் 28-ல் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு ஓர் உத்தரவு போட்டது. விபிஎன் சேவை தரும் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐ.பி. முகவரி போன்ற விவரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. எக்ஸ்பிரஸ் விபிஎன், நார்ட் விபிஎன், சர்ஃப்ஷார்க் போன்றவை இந்தியாவில் வைத்திருந்த சர்வர்களை எடுத்துக்கொண்டு போனது அதனால்தான். ஆனால் அந்தக் கடமை சேவை தருபவருக்கு. பயன்படுத்துபவருக்கு அதில் தண்டனை ஏதும் இல்லை. ஜம்மு காஷ்மீரில் சில மாவட்டங்களில் பாதுகாப்புக் காரணம் காட்டி மாவட்ட நிர்வாகம் தற்காலிகத் தடை போட்டது உண்டு. கல்வராயன் மலையில் இருக்கும் உங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

விபிஎன்னை வைத்து என்ன செய்தீர்கள் என்பதுதான் கேள்வி. துருக்கிக்காரன், அர்ஜென்டினாக்காரன் என்று கடையிடம் சொல்வதும், ஊர் வைஃபையில் பாதுகாப்பாக மெயில் பார்ப்பதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல.

நீங்கள் எழுதிய கடையின் பெயரை இங்கே எடுத்துவிட்டேன். இந்தக் கடைகளின் விதி எப்படி இருக்கும் என்று காட்ட, எல்லோருக்கும் தெரிந்த ஸ்டீம் ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்கிறேன். தாம் வசிக்கும் இடத்தை மறைக்க ஐ.பி. முகவரியை மாற்றிக் காட்டக்கூடாது. தம் நாட்டுக்கு உரியதல்லாத விலையில் வாங்க அந்த வழியைப் பயன்படுத்தக்கூடாது. மீறினால் அக்கவுண்டை நிறுத்த, ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்துக்கு உரிமை உண்டு. அதில் இருப்பதன் சாரம் இதுதான். நாட்டை மாற்றவே கூடாது என்றும் இல்லை. நாளைக்கு உங்களுக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்தால், அங்குள்ள கார்டில் ஒரு பொருள் வாங்கி நாட்டை மாற்றிக்கொள்ளலாம். ஒருமுறை மாற்றினால் மூன்று மாதத்துக்கு மறுபடி மாற்ற முடியாது, அவ்வளவே.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்பீர்கள். ஒரே கேமுக்கு நாட்டுக்கு நாடு வேறு விலை. 2015 நவம்பரில் ஸ்டீம் ரூபாய் விலையைக் கொண்டுவந்ததால் நாம் பலன் அடைந்தோம். டாலரில் அழுதுகொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய நிம்மதி. துருக்கி, அர்ஜென்டினா விலை இன்னும் குறைவாக இருந்தது. உலகம் முழுக்க விபிஎன் போட்டுக்கொண்டு அங்கே போய் வாங்கினார்கள். கூடவே அந்த நாடுகளின் பணமும் ஏறி இறங்கியது. 2023 நவம்பர் 20 முதல் அந்த இரண்டு நாடுகளிலும் உள்ளூர்ப் பணத்தை நிறுத்தி டாலருக்கு மாற்றிவிட்டார்கள். அடிபட்டது விபிஎன் போட்டவன் அல்ல, இஸ்தான்புல்லில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவன். இதைச் சொல்வது உங்களைக் குற்றம் சாட்ட அல்ல. கடைக்காரன் நீதிமன்றத்தில் வந்து நின்றால் தன் விதிக்கு என்ன நியாயம் சொல்வான் என்று நீங்கள் தெரிந்துகொள்ளத்தான்.

விதிகள் எல்லா நேரமும் நியாயமானவை என்றும் சொல்லமாட்டேன். சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் இலங்கையில் அதிகாரபூர்வமாகக் கிடையாது. யாழ்ப்பாணத்துப் பையன் அக்கவுண்ட் திறக்க வேண்டுமானால் வேறு நாட்டைச் சொல்லித்தான் ஆக வேண்டும். 2024 மே மாதம் 'ஹெல்டைவர்ஸ் 2' விளையாட்டுக்கு அந்த அக்கவுண்ட் கட்டாயம் என்று சோனி அறிவித்தபோது, உலகெங்கும் கொந்தளிப்பு எழுந்து சில நாளிலேயே பின்வாங்கினார்கள். அங்கே வாடிக்கையாளருக்கு வேறு வழி இல்லை. உங்களுக்கு இந்திய விலையில் வாங்க வழி இருந்தது. நீங்கள் கேட்ட நுகர்வோர் நீதிமன்றத்தின், அதாவது நுகர்வோர் ஆணையத்தின் முன் இந்த வித்தியாசம் கண்டிப்பாக எழும்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது விபிஎன் அல்ல, அந்த டெலிகிராம் ஆசாமியின் கார்டு. அது யாருடையது? அவருடையதாக இருந்தால் உங்கள் பிரச்சினை கடையோடு உள்ள ஒப்பந்த மீறலோடு நிற்கும். திருட்டுக் கார்டாக இருந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளும், பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவும் (பழைய 420) வந்து நிற்கும். குற்றம் செய்தவர் அவர்தான். ஆனால் விசாரணை என்று வந்தால் பணம் போன வழி உங்கள் ஜிபேயில்தான் தொடங்கும். ஆகவே அந்த உரையாடல், அவருடைய யுபிஐ ஐ.டி., பணம் அனுப்பிய தேதி, எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பயத்தில் சாட்டை அழித்துவிடாதீர்கள். நீங்கள் அறியாமல் வாங்கினீர்கள் என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி அதுதான். அவர் ஏமாற்றிவிட்டார் என்று தெரிந்தால் 1930 எண்ணிலோ சைபர் கிரைம் இணையதளத்திலோ நீங்களே முதலில் புகார் கொடுப்பது நல்லது.

சிலர் உங்களுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். பழைய கேம்களை உங்கள் சொந்த டெபிட் கார்டில்தானே வாங்கினீர்கள், வங்கிக்குப் போய் 'இந்தப் பரிவர்த்தனை நான் செய்ததல்ல' என்று சொல்லிப் பணத்தைத் திரும்ப வாங்கிவிடுங்கள் என்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உங்களுக்குத் தெரியாமல் பணம் போயிருந்து மூன்று வேலை நாளுக்குள் சொன்னால், பொதுவாக வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை என்பது ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டு விதி. நீங்களே ஓ.டி.பி. போட்டு வாங்கியதை அந்தக் கணக்கில் சேர்த்தால் ஒப்பந்த மீறலாக இருந்த விஷயம் வங்கியிடம் சொன்ன பொய்யாக மாறிவிடும்.

15 வயதில் தொடங்கிய அக்கவுண்ட் என்பதால் ஒப்பந்தமே செல்லாது என்று வாதிடலாமா? மைனர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903-ல் பிரிவி கவுன்சில் மொகோரி பீபி வழக்கில் சொன்னது. இன்றும் அதுவே சட்டம். ஆனால் ஒவ்வொரு முறை கேம் வாங்கும்போதும் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு கட்டத்தை டிக் செய்தீர்களே, 18 வயதுக்குப் பிறகு செய்த ஒவ்வொரு டிக்கும் புதிய ஒப்பந்தம். தவிர, ஒப்பந்தமே இல்லை என்று வாதிட்டால், எந்த ஒப்பந்தத்தின் பேரில் பழைய கேம்களைக் கேட்பீர்கள்? அந்த வாதத்தை விட்டுவிடுங்கள்.

இனி உங்கள் பக்கம் உண்மையிலேயே பலம் உள்ள இடத்துக்கு வருகிறேன்.

கேமுக்குப் பணம் கொடுத்ததும் அது உங்கள் சொத்து என்று நினைத்திருப்பீர்கள். கையில் வந்தது பட்டா அல்ல, குத்தகை. விளையாடும் உரிமம் மட்டுமே கிடைக்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று சட்டமே போட்டது; 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. ஆனால் குத்தகைக்காரனையும் நினைத்தபடி வெளியேற்ற முடியாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(46) பிரிவு, 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்றால் என்ன என்று சொல்கிறது. ஒப்பந்தத்தை மீறியதால் ஏற்பட்ட இழப்புக்குச் சற்றும் பொருந்தாத தண்டனையை நுகர்வோர் மேல் சுமத்துவதும் அதில் ஒன்று. உங்கள் மீறலால் கடைக்கு ஆன இழப்பு சுமார் 4,000 ரூபாய். அவர்கள் பறித்தது சுமார் 22,000 ரூபாய் மதிப்புள்ள கேம்கள்; பெரும்பகுதி இந்திய விலையில் நேர்மையாக வாங்கியவை. அந்த மூன்று கேமை மட்டும் எடுத்திருந்தால் நான் உங்களுக்கு இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவும் இதே திசையில்தான் பேசுகிறது: மீறலுக்கு நியாயமான இழப்பீடுதான், அதற்கு மேல் இல்லை.

ஒரு சிக்கல் இருக்கிறது. 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற புகாரை மாவட்ட ஆணையம் விசாரிக்க முடியாது. சென்னையில் உள்ள மாநில ஆணையத்துக்குத்தான் அந்த அதிகாரத்தைச் சட்டம் கொடுத்திருக்கிறது. விளக்கம் கேட்காமல் முடக்கியது, மெயிலுக்குப் பதில் தராதது போன்றவற்றை 'சேவைக் குறைபாடு' என்று மாவட்ட ஆணையத்தில் கொண்டுபோகலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 34-வது பிரிவு இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம் என்பதால் கச்சிராயபாளையம் வழியாக மலை இறங்கி அலைய வேண்டியதும் இல்லை. உங்கள் தொகைக்கு நான் இந்த மாவட்ட ஆணைய வழியைத்தான் சொல்வேன்.

கடை அமெரிக்காவில் இருக்கிறதே, இங்கே வழக்கு செல்லுமா? 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள், இந்தியாவில் பதிவு செய்யாவிட்டாலும் இந்திய நுகர்வோருக்குத் தொடர்ந்து விற்கும் நிறுவனங்களுக்கும் பொருந்தும். ரூபாயில் விலை போட்டு, யுபிஐ வாங்கிக்கொள்ளும் கடை 'நான் இந்தியாவுக்கு விற்கவில்லை' என்று சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவில் இதே மாதிரி ஒரு வாதத்தை வால்வ் வைத்தது. அங்குள்ள நுகர்வோர் சட்டம் தங்களுக்குப் பொருந்தாது என்றது. பெடரல் நீதிமன்றம் ஏற்காமல் 2016-ல் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. மேல்முறையீட்டிலும் வால்வ் தோற்றது. ஐரோப்பாவில் இன்னொரு வழக்கு: கிழக்கு ஐரோப்பிய நாடுகளில் குறைந்த விலைக்கு வாங்கிய கேம் கீயை மற்ற ஐரோப்பிய நாடுகளில் வேலை செய்யவிடாமல் பூட்டியதற்காக, வால்வுக்கும் ஐந்து வெளியீட்டாளர்களுக்கும் 2021 ஜனவரியில் மொத்தம் 78 லட்சம் யூரோ அபராதம். அதைக் காட்டி 'நாட்டுப் பூட்டே சட்டவிரோதம்' என்று இங்கே வாதிட வராதீர்கள். அது ஐரோப்பியப் பொதுச்சந்தையின் போட்டிச் சட்டம். துருக்கி விலைக்கும் இந்திய விலைக்கும் நடுவில் அப்படி ஒரு சந்தை இல்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தீர்ப்பு வாங்குவது ஒரு வேலை, வெளிநாட்டு நிறுவனத்திடம் அதை நிறைவேற்ற வைப்பது இன்னொரு வேலை. ஆகவே வழக்குக்கு முன் கடிதத்தில் முடிக்கப் பாருங்கள். மேலே சொன்ன மின்வணிக விதிப்படி கடையின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். உங்கள் மெயிலில் மூன்று கேம் விஷயத்தை மறைக்காதீர்கள். 'இந்த மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது இந்திய விலை வித்தியாசத்தைக் கட்டிவிடுகிறேன். மற்றவற்றைத் திறந்துவிடுங்கள்' என்று எழுதுங்கள். பழைய ரசீது மெயில்களைத் தேதிவாரியாக இணையுங்கள். இன்னொரு புது அக்கவுண்ட் திறந்து சண்டை போடாதீர்கள். அசையவில்லை என்றால் 1915 நுகர்வோர் உதவி எண், அதன் பிறகு ஆணையம்.

கம்பெனி விபிஎன் பற்றியும் ஒரு வார்த்தை: ஐ.பி. வேறு ஊரைக் காட்டுவதால் மட்டும் சிக்கல் வராது. வெள்ளிமலையில் இருந்து நீங்கள் மொபைல் நெட்டில் நுழைந்தால் கடைக்கு வெள்ளிமலை தெரியாது. பெரும்பாலும் வேறொரு பெருநகரத்தின் ஐ.பி.யாகத்தான் தெரியும், அதையும் பலர் பகிர்ந்துகொண்டிருப்பார்கள். அதனால் ஒருவரும் பிடிபடுவதில்லை. நாடு மாறித் தெரிவதும், கார்டு வேறு நாட்டுடையதாக இருப்பதும் சேரும்போதுதான் மணி அடிக்கும். கம்பெனி லேப்டாப்பில் பணம் கட்டும் வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள், போதும்.

உங்கள் நண்பர்கள் யாராவது விபிஎன் போட்டு வெளிநாட்டு சூதாட்டத் தளங்களில் பணம் கட்டி ஆடினால், மேலே சொன்ன ஆறுதல் அவர்களுக்குப் பொருந்தாது. 2022-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தில் ஆடுபவருக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

நுகர்வோர் புகாருக்குக் காலக்கெடு இரண்டு ஆண்டு. முடக்கிய மெயில் வந்த தேதியில் இருந்து அது ஓடத் தொடங்கிவிட்டது. அந்த மெயிலை பிரிண்ட் எடுத்து வைத்துவிட்டு, குறைதீர் அதிகாரிக்கு இந்த வாரமே எழுதுங்கள்.